சப்ரகமுவத் தோட்டங்களின் கல்வி: செய்யப்படாத ஓர் ஆராய்ச்சி

மலையகத் தமிழரின் கல்வியைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் நுவரெலியா மாவட்டத்து அட்டனையும் தலவாக்கலையையும் மையமாகக் கொண்டே எழுதினார்கள் என்பதும், அங்கே அவர்கள் கண்டு வரைந்த சித்திரம் நாளடைவில் தோட்டப்புறம் முழுவதற்கும் உரிய சித்திரமாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது என்பதும் இத்துறையின் நூல்களை ஓரளவு பயின்றவர் எவருக்கும் புலப்படும். அதற்கு நியாயமும் உண்டு. நுவரெலியா மாவட்டத்தின் மக்கள்தொகையிற் பாதிக்கு மேற்பட்டோர் இந்திய வமிசாவளித் தமிழர். அங்கே தமிழ்ப் பாடசாலைகள் பல உண்டு, பாராளுமன்றத்திற்குச் செல்லும் தமிழ்ப் பிரதிநிதிகளும் உண்டு. ஆனால் அம்மாவட்டம் அமைந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவிலும் தெற்குச் சரிவிலும், களனி கங்கையும் களு கங்கையும் இறங்கி வரும் பள்ளத்தாக்குகளில், கேகாலை, இரத்தினபுரி என்னும் இரு மாவட்டங்களாக விரிந்திருக்கும் சப்ரகமுவ மாகாணத்தில், தமிழர் தொகை பத்தில் ஒரு பங்கை எட்டியும் எட்டாமலும் நிற்கிறது. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புலத்கொஹுப்பிட்டிய, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, நிவித்திகலை ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள தோட்டங்களில், சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிறு சிறு கூட்டமாகச் சிதறி வாழும் இம்மக்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள், எந்த வகுப்போடு நின்றுவிடுகிறார்கள், ஏன் நின்றுவிடுகிறார்கள் என்னும் கேள்விகளுக்கு விரிவான விடை இன்னும் எழுதப்படவில்லை. கல்விச் சமத்துவத்தையும் பாடசாலைப் பிரிவினையையும் பற்றிக் கலாநிதிப் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் இறங்க விரும்பும் ஒருவருக்கு இலங்கையில் இதனினும் தகுந்த களம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

தேயிலைத் தோட்டத்தை மட்டும் அறிந்தவர் சப்ரகமுவவின் தாழ்ந்த மலைகளுக்கு வரும்போது முதலிற் கவனிக்க வேண்டியது இறப்பர் மரத்தை. 1876-இல் ஹெனரத்கொடைப் பூந்தோட்டத்திற்கு வந்துசேர்ந்த நாற்றுகளிலிருந்து பரவிய இம்மரம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் விலை ஏறியபோது களனிப் பள்ளத்தாக்கு முழுவதையும் மூடிக்கொண்டது. அதைத் தொடர்ந்தே தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆட்களும் ஆள்சேர்ப்பாளரான கங்காணிமார் பின்னே அங்கே வந்து சேர்ந்தார்கள். கொழுந்து பறிப்பவளின் நாளும் பால் வெட்டுபவளின் நாளும் ஒன்றல்ல. வெயில் ஏறினால் மரத்திற் பால் ஓட்டம் குறைந்துவிடும் ஆதலால், இறப்பர் மலைக்குப் போகும் தாய் விடிவதற்கு முன்பே, பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும்போதே, கத்தியும் வாளியும் எடுத்துக்கொண்டு லயம் எனப்படும் தொடர்வீட்டை விட்டுப் புறப்பட்டுவிடுகிறாள். மரம் மரமாக வெட்டிச் சிரட்டை வைத்து, பின்னர் அதே வழியே திரும்பிப் பாலைச் சேர்த்து நிறுவைக்குக் கொண்டுவந்து கொடுக்கும்போது பாடசாலையின் பாதி நாள் கழிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளையை எழுப்பி, முகங்கழுவி, உடுப்பு மாட்டி, தம்பியையோ தங்கையையோ பிள்ளைக்காம்பரா எனப்படும் குழந்தைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகவேண்டிய பொறுப்பு பத்து வயதேயான மூத்த பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. இரவு மழை பெய்து மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர், அதாவது அன்றைய கூலி, இல்லை. பேர் இல்லாத நாட்கள் மிகுந்த மாதத்தில் அப்பியாசக் கொப்பி வாங்குவதே பிரயாசை. இலங்கையில் மிகுதியாக மழை பெறும் பிரதேசங்களுள் ஒன்று இரத்தினபுரி என்பதை நினைவிற் கொண்டால், பாடசாலையின் வரவு இடாப்பையும் தோட்டத்தின் செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டையும் மாதம் மாதமாக அருகருகே வைத்துப் படிக்கும் ஓர் ஆராய்ச்சி எவ்வளவு பயனுள்ளதாக இருக்கும் என்பது விளங்கும். அவ்விரு ஏடுகளும் கேட்டுப் பெறக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன.

தோட்டப் பாடசாலைகள் தனித்து நின்ற இப்பிரிவினையின் பூர்வ சரித்திரத்தைச் சுருக்கமாகவேனும் அறியாமல் இன்றைய நிலையை விளங்கிக்கொள்ள முடியாது. 1854-ஐ ஒட்டித் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களில் எழுத்தறிவித்தது; மற்ற இடங்களில் கங்காணி வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் நடந்த பாடமே கல்வியாயிருந்தது. 1905-இல் வேஸ் என்பவரின் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிப்பது தோட்ட உடைமையாளரின் கடமை என்னும் கருத்தை முன்வைத்தது. 1907-இன் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் அதனையடுத்து 1920-இன் கல்விக் கட்டளைச் சட்டமும் அக்கடமையை எழுத்திற் பொறித்தன. ஆறு வயதுமுதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கற்பிக்கத் தோட்டத்துரை ஏற்பாடு செய்யவேண்டும் என்றும், அவ்வயதுப் பிள்ளைகளைக் காலை பத்து மணிக்கு முன் வேலைக்கு விடலாகாது என்றும் 1920-இன் சட்டம் விதித்தது. பத்து மணிக்குப் பின் வேலை வாங்கலாம் என்பதே இவ்விதியின் மறுபக்கம். கல்வி வேலைக்கு இடைஞ்சலாகாத அளவிற்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது என்பதும், கல்வியின் பொறுப்பு அரசாங்கத்தின் கையிலன்றி முதலாளியின் கையில் விடப்பட்டது என்பதும் இதனாற் பெறப்படும். மலாயாவில் 1923-இன் தொழிலாளர் சட்டம் ஏறத்தாழ இதே வழியிற் சென்று, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்திற் பாடசாலை அமைக்கவேண்டும் என்று விதித்தது. அவ்வழி வந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று மலேசியாவில் 500-க்கு மேல் உள்ளன. ஆறாண்டு ஆரம்பக் கல்வியோடு அங்கே தமிழ்வழி முடிந்துவிடுகிறது, பிள்ளை மலாய் மொழிக்கு மாறியே மேலே செல்லவேண்டும். சப்ரகமுவவை ஆராய்பவர் அத்தேசத்தின் அனுபவத்தையும் ஒப்புநோக்குவது நலம். தமிழ்வழிப் படிக்கட்டு எந்தப் படியில் நிற்கிறது என்னும் கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொது.

அக்காலக் கல்வி மந்திரி கன்னங்கராவின் முயற்சியால் 1945 அக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, இத்தீவின் ஏழைக் குடியானவரின் சந்ததியை உயர்த்திய மகத்தான தர்மம் என்பதில் ஐயமில்லை. அந்தத் தர்மம் தோட்டத்தின் வேலியருகே வந்து நின்றுவிட்டது என்பதும் சரித்திரமே. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிர்வாகத்தின் பரிபாலனத்திலேயே விடப்பட்டன. அவற்றை அரசாங்கப் பாடசாலைகளாக்க 1947-இல் இயற்றப்பட்ட சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. அதற்கு முந்தைய ஆண்டில், 1946-இல், கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னபோது எழுந்த போராட்டம், இம்மக்களுக்கு இம்மண்ணில் இடமுண்டா என்னும் கேள்வியைச் சப்ரகமுவவிலேயே முதன்முதற் கூர்மையாக எழுப்பியவற்றுள் ஒன்று. 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டமும் அதன் பின்வந்த சட்டங்களும் அதற்கு இல்லை என்றே விடை அளித்து, இம்மக்களிற் பெரும்பாலோரின் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1936-இல் இதே கேகாலை மாவட்டத்து ருவான்வெல்லத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான என். எம். பெரேரா தோட்டத் தொழிலாளருக்காகத் தொழிற்சங்கம் நடத்தியவர். வாக்குரிமை பறிபோன பின்பு, அத்தகைய பிரதிநிதிகளிடமும் தம் பிள்ளையின் பாடசாலைக்காக உரிமையோடு கேட்கும் பலம் இம்மக்களுக்கு இல்லாமற்போயிற்று. 1960-ஆம் 1961-ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதுங்கூடத் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறத்தே நிறுத்தப்பட்டன. தோட்டங்களே 1972-இலும் 1975-இலும் தேசியமயமாக்கப்பட்ட பிறகுதான், 1977 முதலாகப் படிப்படியாக, அவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. இலவசக் கல்விக்கும் தோட்டப் பிள்ளைக்கும் இடையே முப்பதாண்டுக்கு மேற்பட்ட காலம், அதாவது முழுதாக ஒரு தலைமுறை, கடந்துவிட்டது.

அந்தப் பொறுப்பேற்பு நடந்த காலமோ சப்ரகமுவத் தமிழருக்கு மிகக் கொடிய காலம். 1964-இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குரியோர் என்று வகுக்கப்பட்டனர். அவ்வாறு வகுக்கப்பட்ட குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கின, அவற்றுட் சில நீலகிரியில் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூடை தூக்கின. எழுபதுகளின் முற்பகுதியிற் பஞ்சம் வந்தது. 1977-இலும் 1981 ஆகஸ்டிலும் 1983-இலும் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயல்களில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களும் தப்பவில்லை. லயங்களை விட்டு ஓடியவர்களிற் பலர் வவுனியாப் பக்கத்திற் குடியேறினர். பிள்ளைகள் குறைந்த பாடசாலை தரமிறங்கும், தரமிறங்கிய பாடசாலைக்கு ஆசிரியர் வரார், ஆசிரியர் வராத பாடசாலையிலிருந்து எஞ்சிய பிள்ளைகளும் விலகுவர். இச்சங்கிலி எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில் தொடங்கியது என்பதை ஊர்வாரியாக ஒருவர் எழுதுவாராயின் அதுவே தனியொரு கலாநிதிப் பட்டத்துக்குரிய நூலாகும்.

இன்றைய பாடசாலை அமைப்பில் 1ஏபி என்னும் வகை உயர்தர விஞ்ஞான வகுப்புவரை செல்வது; 1சி கலை, வர்த்தகப் பிரிவுகளோடு உயர்தரம் உடையது; இரண்டாம் வகை பதினோராம் தரத்தோடு நிற்பது; மூன்றாம் வகை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளையே நடத்துவது. தோட்டப்புறத்துத் தமிழ்ப் பாடசாலைகள் பெரும்பாலும் இவ்வரிசையின் கீழ்ப்படிகளிலேயே இருக்கின்றன. அத்தகைய சிறு பாடசாலையொன்றினுட் சென்று பார்த்தவர், அரைச்சுவரும் தகரக் கூரையும் உடைய ஒரே மண்டபத்தில், இடையே தடுப்பின்றி, மூன்று நான்கு வகுப்புகள் முதுகோடு முதுகாக அமர்ந்திருப்பதையும், ஓர் ஆசிரியர் ஒரு பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பி வாசிப்புச் சொல்லிக்கொடுப்பதையும் காண்பார். பிற்பகல் மழை தகரத்தில் இறங்கியவுடன் எந்த ஆசிரியரின் குரலும் எந்தப் பிள்ளைக்கும் எட்டாது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது மட்டுமே அதன்பின் பாடம். அப்பாடசாலையிலிருந்து ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளையும், கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலையிலிருந்து தோற்றும் பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதவேண்டும். மொழி மாத்திரமே வேறு.

பாடசாலைப் பிரிவினை பற்றிய ஆராய்ச்சிக்கு உலகில் முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது அமெரிக்க தேசத்து அனுபவம். பிரித்து வைப்பதே அநீதி என்று 1954-இல் அத்தேசத்து உயர்ந்த நீதிமன்றம் பிரவுண் வழக்கில் தீர்ப்பளித்தது. 1966-இல் கோல்மன் என்னும் சமூகவியலாளர் ஆறு லட்சம் மாணவர் வரை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, கட்டடமும் கருவியும் அன்றி, பிள்ளையின் குடும்பச் சூழலும் உடன் படிப்போரின் சூழலுமே அதன் தேர்ச்சியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று கண்டது. எல்லாப் பாடசாலைகளிலும் இரு இனங்களும் ஒரே விகிதத்தில் அமையவேண்டுமாயின் ஓர் இனத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் பாடசாலை மாறவேண்டும் என்று கணிக்கும் சுட்டெண்ணையே அந்நாட்டார் பிரிவினையின் அளவுகோலாகப் பயன்படுத்துகின்றனர். மேல்நாட்டுச் சர்வகலாசாலையிற் பயிலச் செல்லும் நம் மாணவர் இவ்வளவுகோலை அப்படியே எடுத்துவந்து சப்ரகமுவவில் வைத்து அளப்பாராயின் பெருந்தவறு நேரும் என்று நான் அஞ்சுகிறேன். ஏனெனில், இங்கே தமிழ்ப் பாடசாலை தனியே இருப்பது ஒரு தண்டனையன்று. தேசிய மொழிகளுள் எதன் மூலமும் கல்வி பெற ஒருவருக்கு உரிமை உண்டு என்று 1978-இன் அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்புரை கூறுகிறது. அவ்வுரிமை இம்மக்கள் எளிதிற் பெற்றதுமன்று, எளிதில் விடத்தக்கதுமன்று. பிரிந்திருப்பதை மட்டும் அளக்கும் சுட்டெண் தமிழ்ப் பாடசாலை இருப்பதையே குறையாகக் காட்டும்; அதனை மூடிப் பிள்ளைகளைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டாற் பிரிவினை குறைந்துவிட்டதாகவும் காட்டும். உண்மையில் தீங்கு விளைவது தமிழ்வழி இடையில் முடிந்துவிடுவதனால். ஆதலின் சப்ரகமுவவில் அளக்கவேண்டியது ஒவ்வொரு லயத்திலிருந்தும் அடுத்த தமிழ் வகுப்பு எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது, அதற்குப் பஸ் உண்டா, பெண்பிள்ளை தனியே போய்வர இயலுமா என்பவற்றையே. இவ்வளவுகோலை ஒருவர் செவ்வையாக வகுத்துவிடுவாராயின் அது இலங்கைக்கு மட்டுமன்றி, மொழிவழிப் பாடசாலைகள் உள்ள நாடுகள் பலவற்றுக்கும் பயன்படும்.

தமிழ்வழி முடியும் இடத்தில் நிகழ்வது என்ன? பிள்ளை வேலைக்குப் போகும், அல்லது அட்டனிலோ கண்டியிலோ உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கும், அல்லது அருகிலுள்ள சிங்களப் பாடசாலையிற் சேரும். சப்ரகமுவவிலும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களிலும் மூன்றாவது வழியை, அதுவும் முதலாந் தரத்திலிருந்தே, தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் பல. இதனை மொழித் துரோகம் என்று தூரத்திலிருந்து பழிப்போர் உண்டு. அப்பழிச்சொல் எனக்கு உடன்பாடன்று. வீட்டு வாசலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் உயர்தரம்வரை நடக்கும் பாடசாலை ஒன்று இருக்க, ஐந்தாந் தரத்தோடு நிற்கும் பாடசாலைக்குப் பிள்ளையை ஏன் அனுப்பவேண்டும் என்று கேட்கும் தகப்பன், பிள்ளையின் எதிர்காலத்தைப் பற்றி மிகுந்த பொறுப்போடு யோசிப்பவனே. ஆனால் அத்தீர்மானத்தின் விலை பிற்பாடு தெரியவருகிறது: வீட்டிலே தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது, தாயால் அதன் பாடத்தைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க இயலாது, சைவம், கிறிஸ்தவம் முதலான சமய பாடங்களுக்கு அங்கே ஆசிரியர் இருப்பது அரிது. இவ்வாறு மாறிய பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்தரத்தை எட்டினர், எத்தனை பேர் எட்டாம் ஒன்பதாம் தரத்தில் வெளியேறினர், வெளியேறியவர்கள் தம்மை எம்மொழியினராகக் கருதுகின்றனர் என்பன போன்ற கேள்விகளுக்கு, இரண்டு மொழிகளையும் சரளமாக அறிந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் அக்குடும்பங்களோடு ஓரிரண்டு ஆண்டுகள் பழகினாலன்றி விடை கிடையாது. கண்டி நகரத்துப் பாடசாலைகளில் இரு மொழி மாணவரிடையே நிகழும் உறவை ஆராய்ந்து கிறிஸ்டினா டேவிஸ் 2020-இல் வெளியிட்ட நூல் இத்தகைய பணிக்கு நல்ல வழிகாட்டி. நகரத்துக்கு அவர் செய்ததைத் தோட்டத்துக்கும் ஒருவர் செய்தல் வேண்டும்.

பல்கலைக்கழக அனுமதியிலும் தோட்டப் பிள்ளையின் நிலை மறைந்தே இருக்கிறது. இலங்கையில் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கு நாற்பது சதவீதம் நாடளாவிய திறமையின்படியும், ஐம்பத்தைந்து சதவீதம் மாவட்ட மக்கள்தொகையின்படியும், ஐந்து சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடம் ஒதுக்கப்படுகிறது. அப்பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. இதனால் இரத்தினபுரித் தோட்டப் பிள்ளைக்கு நன்மை விளைந்ததா என்று கேட்டால், ஒதுக்கீடு மாவட்டத்துக்கேயன்றித் தோட்டத்துக்கன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்: இரத்தினபுரி நகரத்துச் சிங்களப் பாடசாலையில் விஞ்ஞானம் படித்த மாணவனும் இறக்குவானைத் தோட்டத்து மாணவியும் ஒரே வெட்டுப்புள்ளிக்காகப் போட்டியிடுகின்றனர். தமிழ்மொழியில் விஞ்ஞானப் பிரிவு அரிதாயிருக்கும் மாகாணத்தில் அம்மாணவி பெரும்பாலும் கலைப் பிரிவையே சேர்கிறாள். கலைத்துறை அனுமதியோ நாடளாவிய திறமை வரிசையிற் செய்யப்படுவதால், மாவட்டத்துக்கு அளிக்கப்பட்ட சலுகை அவளைச் சென்றடைவதேயில்லை. பின்தங்கியோருக்கென வகுக்கப்பட்ட சட்டம் பின்தங்கிய பிரதேசத்துள் முன்னேறியவர்க்கே பயன்படுகிறதோ என்னும் ஐயத்தைப் பெயர்களை மறைத்த பரீட்சைப் பதிவுகளைக் கொண்டு, மொழியையும் பாடசாலை வகையையும் பிரித்து ஆராய்ந்து தீர்க்கலாம். இத்தகைய ஆராய்ச்சி வெளிவருமாயின் கோட்டா முறையையே திருத்தி எழுதும் விவாதத்துக்கு அது ஆதாரமாகும்.

பிரிவினை இருவகையன்று, மூவகை என்பதையும் மறக்கலாகாது. சப்ரகமுவவில் சிங்களப் பாடசாலை, தமிழ்ப் பாடசாலை என்பவற்றோடு முஸ்லிம் பாடசாலையும் உண்டு. மாவனெல்லை போன்ற ஊர்களில் அவை தமிழ்மொழியிலேயே உயர்ந்த வகுப்புவரை நடக்கின்றன. தோட்டத் தமிழ்ப் பிள்ளைக்கும் நகரத்து முஸ்லிம் பிள்ளைக்கும் பாட நூல் ஒன்று, வினாத்தாள் ஒன்று. விடுமுறைக் காலமும் பெண்பிள்ளைகளின் சீருடையும் வேறு. இவ்விரு வகைப் பாடசாலைகளும் விஞ்ஞான ஆசிரியரையும் ஆய்வுகூடத்தையும் பகிர்ந்துகொண்டால் தமிழ்வழி விஞ்ஞானக் கல்வி இம்மாகாணத்தில் நிலைபெற வழி பிறக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரு சமூகத்தாரும் இதனை விரும்புவார்களா, எங்கே ஏற்கெனவே நடக்கிறது, எங்கே ஏன் நடக்கவில்லை என்று ஒருவர் நேரிற் சென்று கேட்டறியட்டும்.

ஆசிரியர் விஷயம் பலராலும் பேசப்பட்டதே. ஜெர்மானிய உதவியோடு பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பல ஆசிரியர்களை உருவாக்கியது. 2014-ஐ ஒட்டித் தோட்டப் பாடசாலைகளுக்கென ஏறத்தாழ மூவாயிரம் ஆசிரிய உதவியாளர்களைச் சேர்க்கத் திட்டமிட்டு, முதலில் மாதம் ஆறாயிரம் ரூபாயும் பின்னர் பத்தாயிரம் ரூபாயும் கொடுப்பனவாக அளித்தனர். பட்டினியோடு படிப்பிக்கச் சொல்வதற்குச் சமமான அத்தொகையில், வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கிச் சப்ரகமுவத் தோட்டமொன்றிற் கற்பித்தவர் முதல் வாய்ப்பிலேயே இடமாற்றம் கேட்டதை எப்படிக் குறைகூற முடியும்? தெஹியோவிட்ட, பலாங்கொடை, நிவித்திகலைக் கல்வி வலயங்களுக்குட் சென்ற ஆசிரியர் எத்தனை ஆண்டு நிலைத்தனர் என்பதற்கு வலயக் கல்விப் பணிமனைகளின் கோப்புகளே சான்று பகரும்.

இவ்வளவையும் வெறும் பாழ்நிலத்தில் தொடங்கவேண்டியதில்லை. ஞானமுத்து 1977-இல் வெளியிட்ட நூலும், இலண்டன் கல்வியியற் கல்லூரிப் பேராசிரியர் ஏஞ்சலா லிட்டில் 1999-இல் வெளியிட்ட நூலும், பேராசிரியர் சோ. சந்திரசேகரன், பேராசிரியர் தை. தனராஜ் ஆகியோர் தமிழில் எழுதியவையும் நல்ல அஸ்திவாரம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் கல்விப் பணிப்பாளரின் நிர்வாக அறிக்கைகள் உள்ளன. இந்திய அரசாங்கத்தின் முகவர் இலங்கையிலிருந்து ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளிலே தோட்டப் பாடசாலைகளின் நிலை பேசப்படுகிறது. நூலகம் நிறுவனத்தின் மின்னூலகத்தில் மலையகத்துப் பத்திரிகைகளும் மலர்களும் எவரும் படிக்கும்படி கிடைக்கின்றன. ஆனால் எல்லாவற்றினும் அருமையான ஆதாரம் பாடசாலையின் சொந்த அலுமாரியிலுள்ள சேர்விடாப்பும் சம்பவத்திரட்டுமே. சேர்விடாப்பின் ஒவ்வொரு வரியிலும் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், தொழில், வசிப்பிடம், சேர்ந்த வகுப்பு, விலகிய நாள், விலகிய காரணம் என்பன பதியப்படுகின்றன. ஒரு தோட்டத்தின் ஐம்பதாண்டுச் சேர்விடாப்பை முறையாகப் படித்தால், அத்தோட்டத்துத் தமிழரின் வருகையும் பிரிவும் மொழி மாற்றமும் ஒருசேர வெளிப்படும். கறையானும் ஒழுக்கு நீரும் அவற்றைத் தின்று தீர்க்கும் முன்னர் இப்பணி தொடங்கவேண்டும்.

கலாநிதிப் பட்டத்துக்கு வழியும் இல்லாமலில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடமும், திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடமும், பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களின் கல்வித் துறைகளும் முதுதத்துவமாணி, கலாநிதி ஆராய்ச்சிகளுக்கு மாணவரைச் சேர்க்கின்றன. ஆசிரியத் தொழிலில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பயிலவும் அவற்றில் இடமுண்டு. மேல்நாட்டிற் பயில விரும்புவோருக்கு 1959-இல் தொடங்கிய பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் இன்றும் திறந்திருக்கிறது. 1995-இல் பம்பஹின்னையில் நிறுவப்பட்ட சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இத்தோட்டங்களின் நடுவிலேயே அமைந்திருக்கிறது. அம்மாகாணத்துத் தோட்டப் பாடசாலைகளின் ஏடுகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பை அது ஏற்குமாயின் அதைவிடப் பொருத்தமான செயல் வேறில்லை. ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதிப் பட்டம் பெறுவோர், அதன் சாரத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, தமக்குத் தகவல் தந்த பாடசாலைக்கும் லயத்துக்கும் கொண்டுபோய்க் கொடுப்பதைத் தம் ஆராய்ச்சியின் இன்றியமையாத பகுதியாகக் கொள்ளவேண்டும். இதுவரை வந்த நூல்களுட் பெரும்பாலானவை அம்மக்களின் கைக்கு எட்டவேயில்லை.

சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து படித்து வெளிவந்த பட்டதாரிகள் இன்று எண்ணிக்கையிற் சிலரேயாயினும் இருக்கிறார்கள். ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் அங்கேயே பணிபுரிகிறார்கள். பால்வெட்டின் நேரமும் மழை நாளின் கணக்கும் தாயின் கவலையும் இவர்களுக்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதிபர்களை நான் வேண்டிக்கொள்வது, பழைய சேர்விடாப்புகளை எடைக்குப் போட்டுவிடாமல் உலர்ந்த இடத்தில் வைத்துப் பாதுகாத்து, கேட்டு வரும் ஆராய்ச்சியாளருக்குப் பிள்ளைகளின் பெயரை வெளியிடமாட்டேன் என்னும் உறுதியைப் பெற்றுக்கொண்டு காட்டவேண்டும் என்பதே. இளம் பட்டதாரிகளை வேண்டிக்கொள்வது, ஆராய்ச்சிக்கு விண்ணப்பம் எழுத உட்காரும் முன்னர், தாம் முதன்முதற் படித்த தோட்டப் பாடசாலைக்கு ஒருமுறை போய், அந்த இடாப்பில் தம்மோடு ஒன்றாந் தரத்திற் சேர்ந்த பிள்ளைகள் எந்தெந்த ஆண்டில், என்னென்ன காரணத்தால் விலகினார்கள் என்பதைப் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும் என்பதே.